கழற்றத் தேவையில்லாத கையுறை: கனடாக் குளிரில் டெலிவரி ஓட்டுநர்களின் கைகள்

ஜனவரி மாதத்துக் காலை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல். டெலிவரி வானை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குகிறவர் இடது கையால் இரண்டு பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கைக் கையுறையின் நடுவிரல் நுனியைப் பல்லால் கடித்து இழுக்கிறார். கை வெளியே வருகிறது. அழைப்புமணிப் பலகையில் எண்ணை அழுத்துகிறார். கைபேசியில் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். கதவடியில் பெட்டியை வைத்துப் படம் எடுக்கிறார். பிறகு கையுறையை மாட்டப் பார்க்கிறார். வியர்த்த கையோடு ஒட்டிக்கொண்டு உள்துணியின் விரல்களும் வெளியே இழுபட்டு வந்துவிட்டன. அவற்றைத் திரும்ப உள்ளே தள்ள முடியவில்லை. கையுறையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெறுங்கையோடு வானுக்கு ஓடுகிறார். அன்றைய பட்டியலில் இன்னும் நூறு கதவுகளுக்கு மேல் இருக்கின்றன.

மூன்று குளிர்காலம் இந்த வேலையைச் செய்தவன் நான். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் பார்சல் வான், பீட்சாக் கார், உணவுப் பொதி சுமக்கும் சைக்கிள் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களில் தமிழர்கள் ஏராளம். ஊரிலிருந்து வந்து முதல் பனியைக் காணும் முன்பே இந்த வேலைக்கு வந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் இருப்பதிலேயே தடித்த கையுறையை வாங்கிப் போட்டால் போதும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். இரண்டாவது வாரத்திலேயே அந்தத் தடித்த கையுறை வானின் முன்கண்ணாடி அடியில் கிடக்கும். கை வெறுமையாக இருக்கும். இந்த வேலைக்கான கையுறையைத் தெரிவு செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை உடலியல், தர நிர்ணயம், பொருட்கள், வேலையின் தன்மை, சட்டம் என ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதவடியில் கழற்றத் தேவையில்லாத கையுறையே இந்த வேலைக்குச் சூடான கையுறை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விரலுக்கு என்ன நேர்கிறது

குளிர் பட்டதும் உடல் முதலில் கைவிடுவது விரல்களைத்தான். நெஞ்சுக்கும் மூளைக்கும் சூடு குறையாமலிருக்க, கைகால்களின் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரலுக்குள் தசை கிடையாது. விரலை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. ஆகவே விரல் தானாகச் சூட்டை உண்டாக்குவது மிகச் சொற்பம். இரத்தம் கொண்டுவரும் சூட்டை நம்பியே அது வாழ்கிறது.

சாதாரணமாகக் கைத்தோலின் வெப்பநிலை 32, 33 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். விரல்தோல் சுமார் 15 பாகைக்குக் கீழே இறங்கும்போது லாவகம் கெடத் தொடங்குகிறது. சாவியைத் திருப்புவது, பொத்தானை அழுத்துவது, டேப்பைக் கிழிப்பது எல்லாம் தடுமாறும். 8 பாகையை நெருங்கும்போது தொடு உணர்வே மங்கிவிடும். கையில் பெட்டி இருக்கிறதா நழுவுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டிய நிலை அது. தோல் உறைவதற்கு அதன் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். ஆனால் விபத்து அதற்கு வெகு முன்பே வந்துவிடும். படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடிக்க முடியாத கை, உறையாத கையாக இருந்தாலும் ஆபத்தான கைதான்.

குளிர்ந்த விரல் சிறிது நேரம் கழித்துத் தானாகவே சூடாவதையும் பலர் உணர்ந்திருப்பார்கள். பிரித்தானிய மருத்துவர் தோமஸ் லூயிஸ் 1930இல் இதை விவரித்தார். குளிரில் சில நிமிடங்கள் இருந்த விரலின் இரத்தக் குழாய்கள் விட்டுவிட்டுத் திறந்து கொஞ்சம் சூட்டை அனுப்புகின்றன. உடலின் நடுப்பகுதி குளிர்ந்துபோனால் இந்த உதவி குறைந்துவிடும். தொப்பி போடாதவனுக்கும் மேலங்கியைத் திறந்துவிட்டு ஓடுகிறவனுக்கும் கையுறை மட்டும் பலன் தராததன் காரணம் இதுதான். கையுறையின் பாதி வேலையை ஜாக்கெட் செய்கிறது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுவதால், ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவே விரற்கடை அளவு வெறுந்தோல் தெரிந்தாலும் அது கணிசமான இழப்பு.

குளிர் ஒரு வழியாக வருவதில்லை

வானிலை அறிக்கையில் நாம் முதலில் தேடுவது காற்றுக்குளிர் எண்ணை. இதன் கதை தென்துருவப் பகுதியில் தொடங்குகிறது. போல் சைப்பிள், சார்ல்ஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்ட்டிக்காவில் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் இருந்த நீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து 1945இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் அதுவே அடிப்படையாக இருந்தது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் புதிய கணக்குக்கு மாறின. அதற்கான சோதனை நடந்தது ரொறன்ரோவில். பன்னிரண்டு தன்னார்வலர்கள் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் நடைப்பட்டியில் நடந்தார்கள். அவர்களுடைய முகத்தின் வெப்ப இழப்பு அளக்கப்பட்டது.

அளந்தது முகத்தை. இதை டெலிவரிக்காரர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை -20 பாகை, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் காற்றுக்குளிர் -33. எண் -28க்குக் கீழே போனால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. முகம் எதையும் தொடுவதில்லை. கையோ இரும்பைத் தொடுகிறது, நனைகிறது, வியர்க்கிறது. கைக்குக் குளிர் வேறு மூன்று வழிகளிலும் வந்து சேர்கிறது.

முதலாவது தொடுகை. வானின் பின்கதவுக் கைப்பிடி, தள்ளுவண்டி, இரும்புப் படலை, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் வெளிக்காற்றின் அதே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் அதே வெப்பநிலையில் இருக்கும் அட்டைப் பெட்டியைவிட இரும்பு பலமடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். -7 பாகைக்குக் கீழுள்ள உலோகத்தைத் தற்செயலாகக்கூட வெறுங்கையால் தொட நேராதபடி கையுறை வேண்டும் என்பது தொழில் சுகாதார வழிகாட்டிகளின் அறிவுரை. ஹமில்டனில் உள்ள கனடாத் தொழில் சுகாதார, பாதுகாப்பு மையம் இவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. உலோகக் கைப்பிடிகளை -1 பாகைக்குக் கீழே வெப்பம் கடத்தாத பொருளால் சுற்றி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தள்ளுவண்டியின் பிடியில் சைக்கிள் கைப்பிடி நாடாவைச் சுற்றிவிடுவது சில டாலர் செலவில் முடிகிற காரியம். நான் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

இரண்டாவது ஈரம். நீர் காற்றைவிடச் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ரொறன்ரோவின் குளிர் பெரும்பாலும் சுழியத்தைச் சுற்றி ஊசலாடுகிற ஈரக்குளிர். மழை, உருகும் பனி, உப்புக் கலந்த சேறு எல்லாம் பெட்டியின் அடியில் ஒட்டி வந்து கையுறையை நனைக்கும். வின்னிபெக்கில் ஜனவரியின் சராசரியே -16 பாகையளவில் இருப்பதால் அங்கே பனி மாவு போல உதிரும். கை நனைவது குறைவு. வின்னிபெக்கில் நன்றாக உழைத்த கையுறை ரொறன்ரோவில் ஒரு மணி நேரத்தில் ஊறிப்போவதற்குக் காரணம் இந்த வேறுபாடே. நண்பர் ஒருவர் இன்னொரு நகரத்திலிருந்து சிபாரிசு செய்யும் கையுறையை வாங்கும் முன் அங்கே என்ன குளிர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பெற்றோல். சுழியத்துக்குக் கீழே போனாலும் பெற்றோல் உறையாது. அது வேகமாக ஆவியாகும்போது தோலின் சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பம்பில் நின்று நிரப்பும்போது பின்னல் கையுறையில் சிந்திவிட்டால் துணி அதைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே கழற்றிவிட வேண்டும்; ஹீற்றர் மேல் உலர்த்தவே கூடாது. பெற்றோல் நிரப்புவதற்கென்று பூச்சுப் பூசிய மலிவான கையுறை ஒரு சோடியைத் தனியாக வைத்திருப்பது நல்லது.

இந்த வேலையின் தனிச்சிக்கல்

மரம் வெட்டுபவரும் பனி அள்ளுபவரும் மணிக்கணக்காக வெளியே நிற்பவர்கள். அவர்களுக்குத் தடித்த கையுறை பொருந்தும். டெலிவரி ஓட்டுநர் வெளியே நிற்பது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம். ஆனால் அது ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது தடவை. சூடான வானுக்குள்ளிருந்து குளிருக்கு, குளிரிலிருந்து கட்டடத்தின் சூட்டுக்கு, மறுபடி குளிருக்கு. வானுக்குள் தடித்த கையுறையோடு உட்கார்ந்தால் கை வியர்க்கும். அந்த வியர்வை அடுத்த கதவில் குளிரும். வெளியிலிருந்து வரும் பனியைப் போலவே உள்ளிருந்து வரும் வியர்வையும் கையுறையை நனைக்கிறது.

இதோடு விரல் வேலை சேர்கிறது. ஸ்கேன், கையொப்பம், படம், மணி, சாவி. தடித்த கையுறையால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. ஆகவே ஒவ்வொரு கதவிலும் அது கழற்றப்படுகிறது. ஒரு தடவைக்கு அரை நிமிடம் வெறுங்கை என்று வைத்துக்கொண்டாலும், நூற்றிருபது கதவுக்கு ஒரு மணி நேரம் கை வெறுமையாக இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் உலகத்தின் மிகச் சூடான கையுறை ஓட்டுநரின் கக்கத்துக்குள் இருக்கிறது. நடுத்தரமான தடிப்புள்ள, போட்டபடியே ஸ்கேன் செய்யக்கூடிய கையுறை நாள் முடிவில் கையைக் கூடுதல் சூடாக வைத்திருப்பதன் கணக்கு இதுதான்.

தடிப்புக்கு இன்னொரு எல்லையும் உண்டு. விரல் மெல்லிய உருளை. அதைச் சுற்றித் துணியைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் சூடு வெளியேறும் மேற்பரப்பும் பெருகிக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் தடிப்பால் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிவிடும். கையுறையை வளைக்கவே பிடியின் பலத்தில் ஒரு பங்கு செலவாவதால் முன்கையும் களைக்கும். விரல்களை ஒன்றாக வைக்கும் மிட்டன் மேற்பரப்பைக் குறைப்பதால்தான் அவ்வளவு சூடாக இருக்கிறது. வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் ‘புவாலுக்’ என்றழைக்கும் தோல் கையுறையும் மிட்டன்தான்.

லேபலை வாசிப்பது எப்படி

கடையில் ‘-30 வரை தாங்கும்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறோம். போடுகிறவர் நடக்கிறாரா, நிற்கிறாரா, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. அதைவிடக் கையுறையின் புறத்தில் அச்சிட்டிருக்கும் சிறிய படக்குறிகளை வாசிக்கப் பழக வேண்டும். கனடாவில் விற்கும் பல வேலைக் கையுறைகளில் ஐரோப்பிய, அமெரிக்கத் தரக்குறிகள் இரண்டுமே இருக்கும்.

பனித்துகள் படம் போட்டு ‘ஈஎன் 511’ என்றிருந்தால் அது குளிருக்கான ஐரோப்பியத் தரம். கீழே மூன்று இடங்கள் இருக்கும். முதல் எண் காற்றுவழிக் குளிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும். 0 முதல் 4 வரை. இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது எவ்வளவு தடுக்கிறது என்பது. அதுவும் 0 முதல் 4 வரை. மூன்றாவது நீர் புகுமா என்பது. 1 என்றால் சோதனையில் நீர் புகவில்லை, 0 என்றால் புகுந்தது. எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ என்றிருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். பத்து டாலர் அளவில் விற்கும் பின்னல் கையுறைகள் பலவற்றில் ‘எக்ஸ் 2 எக்ஸ்’ என்பதுபோல இருக்கும். குளிர்ந்த பெட்டியைப் பிடிக்க அது உதவும். காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் அது எந்த உறுதியும் தரவில்லை. ரொறன்ரோவில் ஓடுபவர் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது இடத்தை. வின்னிபெக்கிலோ எட்மன்ரனிலோ ஓடுபவர் முதல் எண்ணைப் பார்க்கட்டும்.

சுத்தியல் படத்தோடு ‘ஈஎன் 388’ என்றிருப்பது உறுதிக்கான தரம். உராய்வு, வெட்டு, கிழிவு, குத்து என்ற வரிசையில் நான்கு எண்களும், 2016இலிருந்து வெட்டுக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தும் இருக்கும். டெலிவரி வேலையில் கையுறையைத் தின்பது அட்டைப் பெட்டியின் உராய்வுதான். அதனால் முதல் எண் முக்கியம். 2 என்றால் 500 உராய்வுச் சுற்றுகள் தாங்கியது, 3 என்றால் 2000, 4 என்றால் 8000. ஒரு படி ஏறினால் நான்கு மடங்கு. 2க்கும் 3க்கும் இரண்டு டாலர்தான் வித்தியாசம் என்றால் 3ஐ எடுக்கத் தயங்க வேண்டாம். வெட்டுக்கான அமெரிக்க ‘ஆன்சி’ அளவு ஏ1 முதல் ஏ9 வரை போகும். பெட்டி சுமப்பவருக்குக் கீழ்ப்படிகளே போதும். கண்ணாடியோ தகடோ ஏற்றி இறக்குபவர் மேல்படிக்குப் போக வேண்டும்.

பலரும் பார்க்காத இன்னொரு எண் விரல் லாவகத்துக்கானது. ‘ஈஎன் ஐஎஸ்ஓ 21420’ என்ற பொதுத் தரத்தின்படி, கையுறை போட்ட கையால் எவ்வளவு மெல்லிய ஊசிக் கம்பியை எடுக்க முடிகிறது என்று சோதித்து 1 முதல் 5 வரை தருகிறார்கள். 11 மில்லிமீற்றர் கம்பியை மட்டும் எடுக்க முடிந்தால் 1. 5 மில்லிமீற்றர் கம்பியை எடுக்க முடிந்தால் 5. இந்த எண் கையுறையில் இல்லாவிட்டாலும் உடன்வரும் தாளிலோ தயாரிப்பாளரின் விவரத்திலோ கிடைக்கும். டெலிவரிக்கு 4க்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

எதனால் செய்தது

கையைச் சூடாக வைப்பது அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. கம்பளி, அக்ரிலிக், பிளீஸ், தின்சுலேட் எல்லாம் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் விதங்களே. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாமல் ஓரளவு சூடு தரும். பருத்தி நனைந்தால் காற்றை இழந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்காலக் கையுறைக்குள் பருத்தி வேண்டாம். பின்னல் கையுறைகளில் 7 கேஜ், 10 கேஜ், 15 கேஜ் என்று எழுதியிருப்பது பின்னும் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசிகள் என்பதைச் சொல்கிறது. எண் கூடினால் கையுறை மெல்லியது.

உள்ளங்கைப் பூச்சில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. சொரசொரப்பான லேட்டெக்ஸ் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். ஈர அட்டையையும் பிளாஸ்டிக் பொதியையும் நன்றாகப் பிடிக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பெற்றோலும் எண்ணெயும் அதைக் கெடுக்கும். நைட்ரைல் எண்ணெய்க்கும் உராய்வுக்கும் உறுதியானது, கடுங்குளிரில் விறைக்கும். மெல்லிய நுரை நைட்ரைல் இதில் பரவாயில்லை. பிவிசி விலை குறைவு, ஆனால் குளிரில் மற்ற இரண்டையும்விட விறைத்துப்போகும். உள்ளங்கையில் மட்டும் பூச்சு இருந்தால் புறங்கை வழியே வியர்வை வெளியேறும், காற்றும் உள்ளே புகும். முழுக் கையும் பூச்சில் தோய்ந்திருந்தால் நீர் புகாது, வியர்வையும் போகாது. ஈரம் கூடிய நாளுக்கு முழுப்பூச்சு, காய்ந்த நாளுக்கு உள்ளங்கைப் பூச்சு என்று இரண்டும் வைத்திருப்பதே சரி.

தோல் கையுறை காற்றைத் தடுப்பதிலும் உழைப்பிலும் சிறந்தது. மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மை குன்றாது. மாட்டுத்தோல் விலை குறைவு. நனைந்து காய்ந்தால் விறைக்கும். ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது. விரல் வேலைக்கு ஏற்றது. எந்தத் தோலானாலும் பருவத்தில் இரண்டு மூன்று முறை மெழுகு தேய்க்காவிட்டால் ரொறன்ரோவின் உப்புச்சேறு அதைத் தின்றுவிடும். நீர்புகாச் சவ்வு வைத்துத் தைத்தவை மழைக்கு நல்லவை. ஆனால் வாங்கும்போது ஒரு சோதனை செய்துபாருங்கள். கையை நுழைத்து, விரல்களை மடக்கி, வேகமாக வெளியே இழுங்கள். உள்துணி கூடவே வருகிறதா? கடையில் காய்ந்த கையோடு ஒரு நூலளவு வந்தால், வேலையில் ஈரக் கையோடு முழுவதும் வரும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் கையுறை உதவாது.

தொடுதிரை

கைபேசித் திரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. உலர்ந்த துணி அதை மறைத்துவிடுகிறது. வெள்ளி, செம்பு, கரி கலந்த நூலையோ பூச்சையோ விரல்நுனியில் வைத்தால் திரை உணரும். இந்த நுனி அட்டைப் பெட்டியில் தேயத் தேயத் திறனை இழக்கும். எனவே ஆள்காட்டி விரலில் மட்டும் வைத்ததைவிட, கட்டைவிரலிலும் வைத்தது, அதைவிட உள்ளங்கைப் பூச்சு முழுவதும் மின்கடத்துவது நெடுநாள் உழைக்கும்.

கையுறை செய்யாததைக் கருவியிடமும் கேட்கலாம். பல கைபேசிகளில் தொடு உணர்வைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது. நிறுவனங்கள் தரும் ஸ்கேனர்களில் கையுறைக்கான அமைப்பு பெரும்பாலும் உண்டு, யாரும் அதை முடுக்கிவிடுவதில்லை. மணிக்கட்டில் கட்டிய சிறிய தொடுகோல் கழற்றும் தொல்லையை மிச்சப்படுத்தும். சில செயலிகளில் ஒலிப் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கலாம். அழைப்புமணிக்கு விரல்முட்டி போதும்.

யாருக்கு எது

பார்சல் வான் ஓட்டுபவருக்கு நடுத்தரத் தடிப்பில், உள்ளே மெல்லிய அக்ரிலிக் அல்லது பிளீஸ், வெளியே சொரசொரப்பான பூச்சு, மின்கடத்தும் நுனி, இறுக்கமான மணிக்கட்டுப் பின்னல். -15க்குக் கீழே போகும் நாளில் இதற்குள்ளே மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுறை ஒன்று. அதற்கு இடமிருக்கும்படி அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும்.

காரில் உணவு கொண்டுசெல்பவர் வெளியே நிற்கும் நேரம் இன்னும் குறைவு. மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது தொடுதிரைக் கையுறை போதும். கார் பழுதாகி நின்றாலோ பனியில் புதைந்தாலோ போட்டுக்கொள்ள ஒரு தடித்த மிட்டன் பின்னிருக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சைக்கிளில் ஓடுபவரின் நிலைதான் மிகக் கடினம். காற்றே இல்லாத -10 பாகை நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் காற்றுக்குளிர் -18 ஆகிவிடும். அவரே தன் காற்றை உண்டாக்குகிறார். கை அசையாமல் பிடியில் இருப்பதால் இரத்த ஓட்டமும் குறைவு. இவருக்குச் சிறந்த தீர்வு கையுறையில் இல்லை. கைப்பிடியிலேயே பொருத்தும் பெரிய உறைகள் கிடைக்கின்றன. அதற்குள் மெல்லிய கையுறையோடு கையை நுழைத்துக்கொண்டால் பிரேக்கும் பிடிக்கலாம், கதவடியில் கையை எடுத்தவுடன் திரையையும் தொடலாம்.

கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்ற பாரமான பொருட்களை இறக்குபவருக்குத் தோல் உள்ளங்கையும் விரல்மேல் காப்பும் வேண்டும். வீடுகளுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் டாங்கர் ஓட்டுநருக்கு எண்ணெய் ஊறாத முழு நைட்ரைல்.

மின்கலத்தால் சூடாகும் கையுறை விரல் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்குப் பெரிய உதவி. விலை நூறு டாலருக்கு மேல் போகும். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும். விரல் லாவகம் சுமார்தான். இரும்புத்தூள் நிரப்பிய சூட்டுப் பொதிகள் காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டால்தான் வேலை செய்யும். இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் அணைந்துபோகும். ஜாக்கெட் பையில் வைத்து, நடக்கும் நேரத்தில் கையை அங்கே விடுவதே நல்ல வழி.

அளவும் உலர்த்தலும்

கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகன்ற இடத்தைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். சுமார் 203 மில்லிமீற்றர் என்றால் அளவு 8. 229 என்றால் 9. இறுக்கமான கையுறை இரத்தத்தையும் தடுக்கும், காற்றையும் பிழிந்துவிடும். தொளதொளப்பானது பிடியைக் கெடுக்கும். விரல்நுனிக்கு அப்பால் சிறிது இடம் இருந்தால் சரியான அளவு. கடைகளில் பெரும்பாலும் ஆண்களின் அளவே தொங்குவதால் பெண் ஓட்டுநர்கள் பெரிய கையுறையோடு சமாளிக்கிறார்கள். 6, 7 அளவுகளும் தயாராகின்றன, கேட்டு வரவழைக்கலாம்.

என் முதல் வாரத்தில், பன்னிரண்டு வருடம் ஓடிய அண்ணர் ஒருவர் என் நனைந்த கையுறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு சோடியை நம்பி வெளிக்கிடாதையும். ஒண்டு கையிலை, ஒண்டு சூட்டிலை, ஒண்டு பைக்குள்ளை.” நான் படித்த எந்தத் தரக்குறிப்பையும்விட இந்த ஒரு வாக்கியம் என் கைகளைக் காப்பாற்றியது. அறுபது டாலருக்கு ஒரு சோடி வாங்குவதைவிட தலா இருபது டாலருக்கு மூன்று சோடி வாங்குவது இந்த வேலைக்குப் பொருந்தும். வானுக்குள் ஏறியதும் கையுறையைக் கழற்றி, முன்கண்ணாடிச் சூட்டுக்காற்று வரும் இடத்தில் வாய் கீழே பார்க்கும்படி வைத்துவிட்டு, அங்கே காய்ந்திருப்பதை அடுத்த கதவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். தோலையும் சவ்வு வைத்ததையும் நேரடிச் சூட்டில் வைக்கக் கூடாது. வானின் உட்சூட்டை 25 பாகைக்கு ஏற்றி வியர்ப்பதைவிட, 18 அளவில் வைத்து ஜாக்கெட்டோடு ஓட்டுவது கைக்கும் நல்லது.

கை தரும் எச்சரிக்கை

பனிக்கடியின் முதல் அடையாளம் தோல் வெளுப்பது என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. நம் கருந்தோலில் அந்த வெளுப்பு எளிதில் தெரியாது. நகத்தடியையும் விரல்நுனியின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சாம்பல் பூத்ததுபோல, மெழுகுபோலத் தெரிந்தாலோ, வலி இருந்த இடத்தில் திடீரென வலி மறைந்தாலோ வேலையை நிறுத்துங்கள். வலி போனது நல்ல செய்தியன்று. உறைந்த தோலைத் தேய்க்கவோ ஹீற்றர் முன் பிடிக்கவோ கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவ உதவி பெற வேண்டும். மறுபடி குளிரில் உறைய நேரும் என்றால், பாதுகாப்பான இடம் சேரும்வரை உருக வைக்காமலிருப்பதே மேல்.

தெற்காசியரிடையே நீரிழிவு கூடுதலாக இருப்பது தெரிந்ததே. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு விரல் உறைவது உணர்வில் எட்டாமலே போகலாம். குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவப்பது 1862இல் பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரேனோ விவரித்த நிலை. இவை இருப்பவர்கள் கையுறை வாங்குமுன் மருத்துவரிடம் பேச வேண்டும். புகைப்பதும் விரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

யார் வாங்கித் தருவது

ஒன்ராறியோவில் வெளிவேலைக்கு இவ்வளவு பாகைக்குக் கீழே கூடாது என்று சட்டம் எண் சொல்லவில்லை. ஆனால் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியைக் காக்கச் சூழ்நிலைக்கு நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையையும் முதலாளி எடுக்க வேண்டும் என்கிறது. குளிரும் அந்தச் சூழ்நிலைக்குள் அடங்கும். செயலி வழி வேலை செய்வோருக்கான ஒன்ராறியோச் சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஊதியம், டிப்ஸ், கணக்கு நீக்கம் பற்றிச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. கையுறையை நடைமுறையில் அவர்கள் தம் காசிலேயே வாங்குகிறார்கள்.

நான் வேலை செய்த இடத்தில் நிறுவனச் சின்னம் பொறித்த ஒரு சோடி மெல்லிய கையுறை நவம்பரில் தந்தார்கள். அது டிசம்பரில் கிழிந்தது. மாற்றுக் கேட்டபோது அடுத்த ஆண்டுதான் என்றார்கள். ஒரு பெட்டி நழுவி உடைந்தால் கொடுக்கும் நட்டஈட்டுக்கு ஓர் ஓட்டுநரின் ஒரு பருவத்துக்கான கையுறைகளை வாங்கிவிடலாம். பெட்டியின் பெறுமதி எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தூக்கும் கையின் பெறுமதியை யாரும் எழுதி வைக்கவில்லை.

வான் வைத்து ஆட்களை ஓடவிடும் நம்மவர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் முதல் வாரத்தில் ஒவ்வோர் ஓட்டுநரின் கையையும் அளந்து, அவரவர் அளவில் மூன்று சோடி கொடுங்கள். ஸ்கேனரில் கையுறை அமைப்பை முடுக்கிவிடுங்கள். தள்ளுவண்டிப் பிடிகளுக்கு நாடா சுற்றுங்கள். வீட்டில் இருந்து பொதியை எதிர்பார்ப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். -20 பாகை நாளில் மணி அடித்தால் சற்று விரைந்து வந்து கதவைத் திறவுங்கள். வெளியே நிற்பவரின் வலது கையில் அப்போது பெரும்பாலும் கையுறை இருக்காது.